அப்பா அண்ட் கோ, ஐந்து வருட நட்டம்

அன்புள்ள குட்டிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான், அம்மா, நம் கார் மூவரும் நலம், காருக்கு மட்டும் முன்பக்கம் கொஞ்சம் நசுங்கியிருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாயா? போனில் பேசலாம் என்றால் உன் அம்மா பாதியில் பிடுங்கிக்கொள்கிறாள், அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ அழுதுகொண்டே சொன்னதை அவள் ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டாள். கம்பெனிகளுக்கு வரிக்கணக்குப் போடும் உங்கள் மென்பொருள் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க நீயாக இரண்டு பொய்க் கம்பெனிகளை உண்டாக்கி வைத்திருந்ததும், வாடிக்கையாளர்களுக்குக் காட்டும் நாளில் அவற்றை எடுக்க மறந்ததும், பெரிய திரையில் 'அப்பா அண்ட் கோ, ஐந்து வருடமாக நட்டம், வரி பூஜ்யம்' என்று பளிச்சென்று வந்து நின்றதும் எல்லாம் தெரியும். அதன் நூறு சதவீதப் பங்கும் 'அம்மா ஹோல்டிங்ஸ்' கையில் என்று கீழேயே இருந்ததாமே! அதைக் கேட்டதிலிருந்து உன் அம்மாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. காபி கேட்டால், பங்குதாரர்கிட்ட மரியாதையா கேளுங்க என்கிறாள். உன் அண்ணனோ தன் பெயரில் ஒரு கிளைகூட இல்லையே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். எனக்கும் கோபம்தான், ஒரு வருடமாவது கொஞ்சம் லாபம் காட்டியிருக்கக் கூடாதா பாவி மகளே.

சிரித்தவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் புதன்கிழமை அதே ஆட்கள் முன்னால் மறுபடி காட்ட வேண்டுமாம், நீ வேறு யாரையாவது அனுப்பச் சொல்லிவிட்டு வேலையையே விடப்போகிறாயாம், அதைக் கேட்டதும்தான் பேனாவை எடுத்தேன். என் கம்பெனி நட்டத்தை அம்மா கம்பெனியின் லாபத்தில் கழித்துப் போட்ட வரிக்கணக்கு இம்மி பிசகாமல் வந்தது என்று உன் மேலதிகாரியே சொன்னாரே, நீ இரண்டு வருடம் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுதியதை இன்னொருவர் நின்று காட்டுவதா?

கார் கதைக்கு வருகிறேன். என்னிடம் ஓட்டக் கற்றுக்கொள்ளும் பல் டாக்டர் நேற்று பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதித்து மைதானத்துச் சுவரில் கொண்டுபோய் முட்டினார். என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறதே என்பாய். உன்னையே நினைத்துக்கொண்டிருந்தேன், ஒரு நொடி பிந்திவிட்டது. மனிதர் இறங்கிச் சாவியை என்னிடம் நீட்டி, இனிமே வண்டிப் பக்கமே வரமாட்டேன் சார் என்றார். முட்டறதுக்குத்தான் இந்த வண்டியே இருக்கு, ஏறுங்க என்று சாவியை அவர் கையிலேயே கொடுத்தேன். இன்று காலை வந்தார், முதல் கியரிலேயே ஊர்ந்தார், எனக்கு அது போதும்.

நீயும் போய் நில். முந்தின நாளே அந்த நீலச் சட்டையை இஸ்திரி போட்டு வை, பேசும்முன் தண்ணீர் குடி. நீ நன்றாக இருப்பாய், எந்தக் குறையும் வராது என் கண்ணே. ஒன்றை மட்டும் மறக்காதே. பொய்க் கம்பெனிகளை அழிக்கச் சொன்னார்களாமே, வாடிக்கையாளர் கண்ணில் படும் இடத்திலிருந்து தாராளமாக அழி, உன்னுடைய கணினியில் மட்டும் என்னை வைத்துக்கொள். புதிதாக எதை எழுதினாலும் முதலில் என்மேல் ஓட்டிப் பார். உடைவது என்னிடம் உடையட்டும்.

இப்படிக்கு,
பங்குதாரரின் அனுமதியுடன்,
உன் அப்பா அண்ட் கோ