நாற்பது நாள் மீதியிருந்த மஞ்சள் கார்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், அம்மாவின் வலது முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது, நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் மேலே எழுதுகிறேன். மாடியில் குடியிருந்த தையல்காரர் காலி செய்துவிட்டார், தையல் இயந்திரச் சத்தம் இல்லாமல் மத்தியானத்தில் தூக்கம் வரவில்லை என்கிறாள் அம்மா, இருந்தபோது அந்தச் சத்தத்தால் தூக்கம் வரவில்லை என்றவளும் அவள்தான். நீ அனுப்பிய கார் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டே சீட்டா, நாம போனா எங்க உக்கார்றது?" என்று கேட்டாள். நாம் போகிற அன்று பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி வைத்தேன்.

கார் விஷயத்துக்கு வருகிறேன். இன்னும் இரண்டு வருடம் வாரண்டி இருக்கிறது என்று விற்பவர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். சொல்வார். முன்கண்ணாடியின் கீழ் மூலையில் சேசிஸ் நம்பர் இருக்கும், அதைக் குறித்துக்கொண்டு அந்தக் கம்பெனியின் சர்வீஸ் கவுண்டருக்கு நீயே போ. வாரண்டி என்றைக்கு ஆரம்பித்தது, எத்தனை கிலோமீட்டர் வரை, கை மாறினால் செல்லுமா, நடுவில் எதையாவது மாற்றியதால் ரத்தாகியிருக்கிறதா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கு. வருடக் கணக்கு தீராவிட்டாலும் கிலோமீட்டர் தீர்ந்தால் தீர்ந்ததுதான். இருபத்தாறு வருடம் அப்படி ஒரு கவுண்டரில் உட்கார்ந்தவன் சொல்கிறேன், அங்கே அழுதவர்களில் பாதிப்பேர் வாய் வார்த்தையை நம்பி வாங்கியவர்கள்.

உனக்கு இந்த ஸ்போர்ட்ஸ் கார் ஆசை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். சித்தப்பாவின் மஞ்சள் கார். நீ பள்ளிக்கூடம் முடித்த வருடம், என்னை அசத்த வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு பல் டாக்டரிடம் வாங்கி வந்தான். நாலு மாதம் உன்னை ஏற்றிக்கொண்டு சுற்றினான், ஐந்தாம் மாதம் கியர்பாக்ஸ் போய்விட்டது. கார் எங்கள் கம்பெனித் தயாரிப்பு, ஆகவே இழுவை வண்டியில் ஏற்றி நேராக என் கவுண்டருக்கே வந்தான். வரிசையில் நின்றவர்கள் காதில் விழும்படி, "அண்ணன் இருக்கறப்ப எனக்கென்ன கவலை" என்று சிரித்தான். நம்பரைத் தட்டினேன். டாக்டருக்கு முன்பு எட்டு மாதம் இருபது நாள் அது ஷோரூமில் ஓட்டிக் காட்டுகிற வண்டியாக இருந்திருக்கிறது, வாரண்டிக் கணக்கு அன்றிலிருந்தே ஓடுகிறது. மீதி என்று அவன் நினைத்தது பத்து மாதம், இருந்தது நாற்பது நாள். நாற்பது நாளும் போதும்தான். ஆனால் தலைமை மெக்கானிக், நாங்கள் தராசு என்று கூப்பிடுவோமே அவர், கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு என்னைத் தனியே அழைத்தார். வேகத்துக்காக யாரோ எஞ்சின் அமைப்பையே மாற்றியிருக்கிறார்கள், அப்படிச் செய்தால் வாரண்டி செல்லாது. "சார், உங்க தம்பி. நீங்க ஒரு வார்த்தை சொன்னா இதை ரிப்போர்ட்ல எழுதாம விட்டுடறேன்" என்றார். எழுதுங்கள் என்றேன். நிராகரிப்புக் கடிதத்தில் என் கையெழுத்துதான். "அண்ணனா பேசு, ஆபீசரா பேசாத" என்றான் சித்தப்பா. "இந்த நாற்காலியில உக்கார்ந்தா எனக்குத் தம்பி கிடையாது" என்றேன். அவன் கடிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டான். காரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டான் என்று வேறொருவர் சொல்லித்தான் கேள்விப்பட்டேன்.

உன் பட்டமளிப்புக்குச் சித்தப்பா ஏன் வரவில்லை என்று கேட்டாய், வெளியூர் போயிருக்கிறான் என்றேன். அது பொய். ஆறு வருடமாக நாங்கள் பேசாமல் இருந்தோம். தராசை எழுதச் சொன்னது சரி, இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னால் தம்பி கிடையாது என்றது சரியில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை, அம்மாவிடமும்.

உன் கடிதம் வந்த மறுநாள் அவனுக்கு போன் செய்தேன். அன்று அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்றேன்.  "பாப்பா வாங்கற வண்டி என்ன கலரு?" என்றான். நீ வாங்கப் போவது அம்மா சொல்லி அவனுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் அவர்கள் பேசிக்கொள்வது தெரியாது. கறுப்பு என்றேன். "நல்லதுதான், மஞ்சள் சீக்கிரம் மங்கிடும்" என்றான். அப்புறம் பத்து நிமிடம் டயரைப் பற்றிப் பேசினோம்.

வாங்குவதும் விடுவதும் உன் இஷ்டம். மெதுவாக ஓட்டு என்றால் அதற்கு எதற்கு இந்தக் கார் என்பாய், ஆகவே மழையில் மட்டும் மெதுவாக ஓட்டு. எழுத்தில் பதில் வரும்வரை முன்பணம் கொடுக்காதே. எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இரு. சேசிஸ் நம்பரை எனக்கு அனுப்பு. படத்தைச் சித்தப்பா கேட்டான், நான் அனுப்பவில்லை. அதை நீ அனுப்பினால்தான் அழகு.

இப்படிக்கு,
உன் அப்பா