ஒருமுறை நடந்து பார்

சுங்கை வே,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஜோசஃபினுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நான் சுகம். கிள்ளானில் மகள் ஷார்மைன் வீட்டில் உன் காலும் மனமும் தேறிவர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். போனில் நம் தெருவைப் பற்றி வாயெடுத்தாலே நீ ஷார்மைனிடம் கொடுத்துவிடுகிறாய். அவளிடம் சொல்லக்கூடியது வேறு, உன்னிடம் சொல்ல வேண்டியது வேறு. அதனால்தான் கடிதம். முடிந்தபோது மெதுவாகப் படி.

இங்கே வெயில் தாங்கவில்லை. கறிவேப்பிலைச் செடி மட்டும் எப்படியோ தழைத்திருக்கிறது. சமையல் நடக்கிறது. டின் மீன், முட்டை, மறுபடியும் டின் மீன்.

நம் வீட்டை வாங்க ஓர் ஆள் வந்திருக்கிறாராம். மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும் என்றாள் ஷார்மைன். "அம்மா அந்த ரோட்டுல இனி கால் வைக்க மாட்டாங்கப்பா. நீங்க மட்டும் அங்க ஒக்காந்து என்னா செய்யப் போறீங்க?" என்று கேட்டாள். யோசிக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒரு வருடமாக இங்கே என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதை முதலில் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

அன்று திருப்பலிக்கு நடந்து போனதும், பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும்தான் ஞாபகம் இருக்கிறது என்று டாக்டரிடம் சொன்னாய். அதற்குப் பிறகு நடந்ததை நீ கேட்கவே இல்லை. ஹைவேயில் ஜாம் என்று நம் தெருவைக் குறுக்கு வழியாக்கிக்கொண்டு வந்தவன்தான் உன்னை இடித்துவிட்டு நிற்காமல் போனான். இரண்டு பக்கமும் கார்கள் நின்றதால்தானே நீ நடு ரோட்டில் நடந்தாய்! வேறு எங்கே நடப்பது?

நீ கிள்ளானுக்குப் போனபின் கொஞ்ச நாள் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். பிறகு பக்கத்து வீட்டு குகன் வந்தான். பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போகும் வாத்தியார் இந்தத் தாமான் குடியிருப்பிலேயே அவன் ஒருவன்தான். "அங்கிள், நான் பேசுனா சைக்கிள் பைத்தியம்னு சிரிக்கிறாங்க. நீங்க வந்தா கேப்பாங்க" என்றான். கூடவே போனேன். நகராண்மை அலுவலகத்தில் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் குடியிருப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் சம்மதித்தால்தான் ரோட்டில் கை வைக்க முடியும் என்றார்கள்.

அதற்காக வீடு வீடாக ஏறி இறங்கினோம். என் முழங்கால் உனக்குத் தெரியுமே. "மூணு கார் வச்சிருக்கேன் அங்கிள், வீட்டுக்குள்ளயா நிப்பாட்டுறது?" என்று கேட்டவர்கள் உண்டு. நாயை அவிழ்த்துவிட்டவர்களும் உண்டு. பாதி வழியில் விட்டுவிடலாம் என்று எனக்கே பல முறை தோன்றியது.

கடைசியில் பொது மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். எதிர்வீட்டு ரெங்கசாமி எழுந்து சத்தம் போட்டார். அவருடைய கேட்டரிங் வேன்கள் இரண்டும் தெருவில்தானே நிற்கின்றன. "ஒரே ஒரு ஆக்சிடன்டுக்காக மொத்தத் தாமானும் கஷ்டப்படணுமா?" என்றார். பாதிப் பேர் தலையை ஆட்டினார்கள். பதில் சொல்ல எழுந்தேன். உன் பெயரைச் சொன்னதோடு சரி. அப்படியே உட்கார்ந்துவிட்டேன், ஜோசி.

அப்போது அவர் மனைவி லெட்சுமி எழுந்தாள். கூட்டத்தில் அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

"அன்னிக்கு அக்கா தலைய என் மடியில வச்சிருந்தேன். ஆம்புலன்ஸ் மூலையிலயே நின்னுருச்சு, உள்ள வர முடியல. ஏன்னா நம்ம வேன் நின்னுச்சு. அங்க வரைக்கும் அக்காவ தூக்கிக்கிட்டுத்தான் போனாங்க. வலி தாங்காம என் கையப் புடிச்சு நசுக்கிட்டாங்க. இத நான் வீட்டுல கூட சொல்லல."

ரெங்கசாமி செருப்பைப் பார்த்தபடி நின்றார். எனக்கும் அன்றுதான் தெரியும். பாசாரில் காய் வாங்கிக்கொண்டிருந்த நான் ஓடி வருவதற்குள் உன்னை ஏற்றியிருந்தார்களே. அன்று இரவு வீட்டுக்கு வந்து விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகும் எல்லாரும் மாறிவிடவில்லை. தேவையான அளவுக்குச் சம்மதம் கிடைத்தது, அவ்வளவுதான். போன மாதம் வேலை முடிந்தது. தெருவில் மூன்று இடங்களில் வேகத்தடை. நம் பக்கத்துச் சாக்கடைக்கு மேல் கல் பலகை போட்டு மூடி, பச்சைச் சாயம் பூசி, ஓரத்தில் கம்பங்கள் நட்டு, நம் வாசலிலிருந்து மூலை வரைக்கும் ஒரு நடைபாதை. எதிர்ப்பக்கத்துக்குப் பணம் இல்லையாம்.

உன்னிடம் பொய் சொல்லி வரவழைக்க எனக்கு விருப்பமில்லை. கம்பங்களில் இரண்டை முதல் வாரமே யாரோ இடித்துச் சாய்த்துவிட்டார்கள். வேகத்தடையில் ஏற மனமில்லாத சில மோட்டார் சைக்கிள்காரர்கள் நடைபாதையிலேயே வருகிறார்கள். ரெங்கசாமி ஒரு வேனைத்தான் எடுத்திருக்கிறார். மூலை வீட்டு அம்மாவுக்கு வேகத்தடையில் ஏறி இறங்கி இடுப்பு வலி வந்ததே என்னால்தானாம், கடையில் வைத்துச் சத்தம் போட்டாள். இதற்காகவா இத்தனை அலைந்தேன் என்று சில நாள் அலுத்துப்போகிறது.

ஆனாலும் வண்டிகள் மெதுவாகத்தான் வருகின்றன. சாயந்திரத்தில் நாலு பேர் நடக்கிறார்கள். லெட்சுமியின் மகள் தாமரை டியூஷனுக்குச் சைக்கிளில் போகிறாள். அவள் மூலை திரும்பும் வரைக்கும் லெட்சுமி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறாள். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பயத்தோடேயே அனுப்புகிறாள்.

நான் கேட்பது இவ்வளவுதான். வரும் சனிக்கிழமை சாயந்திரம் ஷார்மைன் உன்னை வாசலில் இறக்கிவிடட்டும். மூலை வரைக்கும் போய்த் திரும்புவோம். நான் ரோட்டுப் பக்கம் வருகிறேன், நீ உள்பக்கம். பாதியில் பயம் வந்தால் பாதியிலேயே திரும்பிவிடலாம், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகும் வேண்டாம், விற்றுவிடலாம் என்று உனக்குத் தோன்றினால் மறு பேச்சில்லாமல் கையெழுத்துப் போடுகிறேன். கிள்ளானில் உன் பக்கத்தில் இருந்துகொள்கிறேன். ஆனால் இந்தத் தெருவில் நடந்து பார்த்துவிட்டு வீடு வேண்டாம் என்று சொல். ஒரு வருடமாக யார் யாரிடமோ கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. உன்னிடம் இதுவரை எதுவும் கேட்கவில்லை. இதுதான் முதல்.

ஷார்மைனுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர். மாதா உன் ஒவ்வொரு அடிக்கும் துணை நிற்கட்டும். சனிக்கிழமை நான் கேட்டைப் பூட்ட மாட்டேன்.

உன்,
ஹென்றி