மூன்று கண் சாலை

ஜூன் 14

அம்மனுக்கு விளக்கு ஏற்றியாயிற்று. லம்பாசா டவுன் சந்தையில் பயறு விற்ற கணக்கு சரி. சமையல் எண்ணெய் விலை ஏறியிருக்கிறது.

சாலைக்காரர்கள் மறுபடி வந்தார்கள். ஆற்றுவெளிக்குக் குறுக்கே ஆள் உயரம் மண் கொட்டி, அதன்மேல் சாலையாம். மேல்புறம் என் சிநேகிதி லித்தியா வீடு, கீழ்ப்புறம் எங்கள் கரும்பு. வெள்ளம் கடலுக்கு வடிய அடியில் மூன்று மதகுக் கண் வைக்க வேண்டுமாம். மூன்றாவது கண் எங்கள் வயலுக்கு நேராக.

இவர் சோறே இறங்காமல் உட்கார்ந்திருந்தார். “கரும்பு வேர் அழுகிப்போனா மில்லுக்கு என்னத்த அனுப்புறது? தண்ணியயா?”

தாயே, அந்தக் கண் எங்கள் பக்கம் திறக்காமல் பார்த்துக்கொள். தீ மிதிக்கிறேன்.

ஜூன் 17

அளக்கிறவர் வீட்டுக்கே வந்தார். இவர் யாங்கோனா வேரை இடித்துக் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். இரண்டு கிண்ணம் ஆனபின் அவர் என் பக்கம் திரும்பி, “நீங்க சொல்லுங்கம்மா. வெள்ளத்துல இந்த வயல் வழியா தண்ணி ஓடுமா?” என்றார்.

“இல்லீங்க. இங்க ஓடுனதே இல்ல.”

எழுதிக்கொண்டார். ஓடும். வயல் நடுவே இருந்த பள்ளத்தை நாங்கள்தான் மூடிக் கரும்பு நட்டோம். அப்படியும் பெருமழைக்கு அந்த வழியாகத்தான் ஓடும்.

இவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூன் 18

எழுத மனமில்லை.

ஜூலை 21

இரண்டு கண் போதும் என்று முடிவாகிவிட்டதாம். தாய் கேட்டதைக் கொடுத்தாள். தீ மிதித்தேன், கால் கொப்பளிக்கவில்லை. லித்தியா பார்க்க வந்து என் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “கால் சுடவே இல்லியாக்கா? எங்க பாதிரியார் இதப் பாத்தா சபையப் பூட்டிட்டு ஓடிருவாரு!” சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்தது.

டிசம்பர் 6

சாலை முடிந்தது. இனிமேல் லித்தியா வீடு இங்கிருந்து தெரியாது. மேட்டில் ஏறி நின்று கத்துகிறாள்: “அக்கோவ்! உங்க வீடு மலைக்கு அந்தப் பக்கம் போயிருச்சு! இனி உப்பு கடன் வாங்க பஸ் ஏறித்தான் வரணும்!”

ஜனவரி 23

மழை விடவில்லை. ஆறு ஏறுகிறது.

ஜனவரி 24

எங்கள் வயலில் கணுக்கால் தண்ணீர்கூட இல்லை. இப்படி ஒரு வெள்ளத்தில் இப்படி இருந்ததே கிடையாது. சாலை மேட்டில் ஏறிப் பார்த்தேன் — அந்தப் பக்கம் கடலாய்த் தண்ணீர். லித்தியா வீட்டு ஜன்னல் வரை. அவள் புருஷன் சாகியுசா மூங்கில் தெப்பத்தில் பிள்ளைகளைக் கொண்டுவந்து சாலையில் ஏற்றிவிட்டான். பன்றிகளைக் கொண்டுவர முடியவில்லை.

கஞ்சி கொண்டுபோனேன். லித்தியா நடுங்கிக்கொண்டே கேட்டாள்: “தண்ணி வரும், போயிரும். அதான வழக்கம்? இந்த வாட்டி போகவே மாட்டேங்குதே. ஏன்க்கா?”

கஞ்சி ஊற்றினேன். வேறென்ன செய்ய?

ஜனவரி 28

வடிந்தது. வருஷங்களுக்கு முன் இறந்த தன் மூத்த பிள்ளையை லித்தியா வீட்டு முன்னால்தான் புதைத்திருந்தாள். மேலே வண்ணத்துணி கட்டி, சுற்றிலும் குரோட்டன் வைத்து. துணி இல்லை, செடி இல்லை, மேடும் இல்லை. எங்கும் ஒரே சேறு. கையாலேயே தடவித் தடவித் தேடுகிறாள். “இங்கதான்க்கா? இங்கதானே இருந்தான்?”

எனக்கும் தெரியவில்லை. அந்தப் பிள்ளைக்கு நான் பால் கொடுத்திருக்கிறேன்.

அம்மனைக் குற்றம் சொல்ல என்ன இருக்கு. கேட்டது நான். பொய் சொன்னதும் நான். அதுக்கு நன்றின்னு தீ வேற மிதிச்சேன்.

இவரிடம் சொன்னேன், லித்தியாவிடமும் அளக்கிறவரிடமும் போய்ச் சொல்லிவிடலாம் என்று.

“சொல்லி? கண்ணு வச்சா நம்ம கரும்பு போயிரும்டி.”

“போகட்டும். நீங்க வரலேன்னா நான் போறேன்.”

ஜனவரி 31

வந்தார். யாங்கோனா வேர்க்கட்டு ஒன்றும் வாங்கிவந்தார். இங்கே மன்னிப்பு வெறுங்கையோடு கேட்பதில்லை. சாகியுசா முன் பாயில் அந்த வேர்க்கட்டை வைத்துத் தலைகுனிந்தார். நான்தான் சொன்னேன், பள்ளம், பொய், எல்லாம். பாதியில் லித்தியா எழுந்து வெளியே போய்விட்டாள்.

சாகியுசா வழக்கப்படி கையைத் தட்டி அதை எடுத்துக்கொண்டான். “எடுத்துக்கிறேன். ஆனா வேரு தண்ணிய வடிக்காதுண்ணே.”

பிப்ரவரி 12

டவுனுக்குப் போனோம். அளக்கிறவரிடம், “அந்த வயல்ல தண்ணி ஓடும்யா. எப்பவும் ஓடுச்சு. நான் பொய் சொன்னேன்,” என்றேன். மூன்றாவது கண்ணுக்கு நிலம் விட்டு இவர் கையெழுத்துப் போட்டார்.

லித்தியா என்னோடு பேசுவதில்லை.

அக்டோபர் 9

சாலையை வெட்டிக் கண் வைத்துவிட்டார்கள். எங்கள் பக்கம் கரும்பைத் தூரோடு பிடுங்கிப் பள்ளத்தை மறுபடி தோண்டினார்கள். இவர் போய்ப் பார்க்கவில்லை.

சாயங்காலம் லித்தியா வந்தாள். சேப்பங்கீரைக் கட்டை என் கையில் வைத்தாள். “நல்லா வேக வை. இல்லேன்னா தொண்ட அரிக்கும்.” போய்விட்டாள்.

எத்தனை வருஷமாகச் சமைக்கிறேன், எனக்குத் தெரியாதா! வேக வைத்துக்கொண்டே அழுதேன்.

டிசம்பர் 2

இரண்டு நாளாக மழை. விடியற்காலை எழுந்தால் இவரைப் படுக்கையில் காணோம். குடையோடு வயல் ஓரம் நிற்கிறார். தண்ணீர் பள்ளம் வழிந்து இரண்டு பக்கமும் கரும்புக்குள் முழங்கால் அளவு ஏறிவிட்டது. பக்கத்தில் போய் நின்றேன். சாலைக்கு அந்தப் பக்கம் லித்தியா பிள்ளைகள் கத்தி விளையாடுவது கேட்டது.

“தண்ணி நல்லாப் போவுது,” என்றார்.