ஒரே வளையத்தில் இரண்டு சாவி

இன்று காலை மகள் தன் புதுக் காரைக் கிளப்பப் போனாள். சாவியைக் காணவில்லை என்று திரையில் எழுத்து வந்தது. சாவி அவள் கைப்பையில்தான் இருந்தது. சிரித்துக்கொண்டே பையை முன்னிருக்கைக்கு மாற்றினாள், கார் கிளம்பிவிட்டது. எனக்கு மட்டும் உன் நினைவு வந்துவிட்டது, மச்சான்.

தொண்ணூறுகளின் கடைசி. அவளுக்கு அப்போது ஆறு வயது. பாயா ரும்புட்டில் உன் வீடும் என் வீடும் ஒரே வரிசை. ஆனாலும் நாம் பேசி ஒரு மாதமாகியிருந்தது. சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் வயரிங் வேலை பார்த்த நீ, என் காருக்கு ரேடியோ மாட்டிக் கொடுத்திருந்தாய். அதற்குப் பிறகுதான் சில நாள் கார் கிளம்பியவுடனே அணைய ஆரம்பித்தது. பாச்சாங்கில் நாம் போகும் சாப்பாட்டுக் கடையில் பத்துப் பேர் முன்னால், "அவன் கை வச்சான்லா, வண்டி கெட்டுச்சு" என்றேன். யாரோ உன்னிடம் சொல்லிவிட்டார்கள். நீ சண்டைக்கு வரவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், வேலியோரம் விளையாடிய பிள்ளையைக் குளவிகள் கொட்டின. கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி, மூச்சு இழுக்கத் தொடங்கியது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால், டவுனிலிருந்துதான் வர வேண்டும், நேரமாகும் என்றார்கள். பின்சீட்டில் மனைவியின் மடியில் அவளைக் கிடத்திவிட்டுச் சாவியைத் திருகினேன். இன்ஜின் உறுமி, இரண்டு விநாடியில் அணைந்தது. மறுபடி திருகினேன். மறுபடியும் அணைந்தது. மனைவி போட்ட சத்தத்தில் நீ கைலியோடு ஓடிவந்தாய்.

கதவைத் திறந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாய். "மீட்டர்ல சாவி லைட்டு மினுக்குது பார். பெட்ரோல் பிரச்சன இல்ல. வண்டிக்குச் சாவி அடையாளம் தெரியல."

சாவிக்கொத்தை உருவிப் பார்த்தாய். "இன்னொன்னு எந்தச் சாவி?"

"ஆபீஸ் வேன். நீ ரேடியோ மாட்டின வாரந்தான் குடுத்தாங்க."

"ரெண்டுலயும் வண்டிக்கு அடையாளம் சொல்ற சில்லு இருக்குலா. இது பேசறப்ப அது குறுக்கப் பேசுது."

வளையம் விரிய மறுத்தது. நகத்தால் நெம்பினாய், நகம் பிய்ந்து இரத்தம் வந்தது. வேன் சாவியைத் தூர எறிந்துவிட்டு, கார் சாவியை மட்டும் செருகினாய். நான் திருகப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"லைட்டு அணையட்டும். அவசரப்பட்டா மறுபடி பூட்டிக்கும்."

பின்னால் அவள் மூச்சுக்குத் திணறுவது கேட்டது. லைட்டு மினுக்கிக்கொண்டே இருந்தது. உன் பிடி தளரவில்லை. பிறகு அது அணைந்தது.

"இப்ப."

இன்ஜின் நிற்காமல் ஓடியது. நீ கதவைச் சாத்தினாய்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகு, நல்ல வேளை, சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர். மறுநாள் சாயங்காலம் உன் வீட்டுக்கு வந்தேன். விரலில் துணி சுற்றியிருந்தாய்.

"மச்சான், நான் அந்தக் கடையில..."

"பிள்ள சாப்பிட்டாளா?" என்றாய்.

அதோடு நம் பேச்சு பழையபடி ஆனது. ஆனால் பத்துப் பேர் முன்னால் சொன்னதை நான் ஒருவர் முன்னாலும் திருப்பிச் சொல்லவில்லை. வெட்கம்தான். அந்தக் கடைப் பக்கத்து ஆட்கள் அதன் பிறகு வயரிங் வேலைக்கு உன்னைக் கூப்பிட்டதில்லை. நீயும் ஏன் என்று என்னைக் கேட்டதில்லை.

போன மாதம், உன் கருமாதி முடிந்த அன்று, அந்தக் கடைக்காரரிடம் போனேன். ரேடியோவால் கார் கெடவில்லை, தப்பு என்னுடையது என்றேன்.

"எந்த ரேடியோ?" என்றார்.

முதலிலிருந்து சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்ல மனுசன்லா" என்று சொல்லி அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அவருக்கு அது மறந்துபோன பழைய கதை. எனக்கு, நீ இருக்கும்போது உன் காதில் விழுந்திருக்க வேண்டிய பேச்சு.