வலது கால் பூட்ஸ்

பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய், கிடங்கு அதிகாரியாகக் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன குறை. இங்கேயும் சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை. அப்பாவுக்கு இருமல் பரவாயில்லை, ஆனால் உன் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறார். எங்கள் தொழிற்சாலையில் இன்னமும் பட்டாளத்து பூட்ஸ் மட்டும்தான், தோல் முழுவதும் அதற்கே போவதால் தெருப்பிள்ளைகள் வெறுங்காலோடு பள்ளிக்கூடம் போகின்றன. போகட்டும், போர்முனையில் நிற்கும் நம் சின்னவனின் எட்டாம் நம்பர் காலுக்கு ஆகிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தோம்.

வழியில் பூட்ஸ் திருட்டுப் போகிறது என்று நீ ஒரு யோசனை கண்டுபிடித்தாயே, இடது கால் எல்லாம் ஒரு ரயிலில், வலது கால் எல்லாம் அடுத்த ரயிலில், ஒற்றை பூட்ஸை எவன் திருடுவான் என்று. மேஸ்திரி உன் கடிதத்தை எல்லோருக்கும் படித்துக் காட்டினார், நானும் தலைகால் புரியாமல் திரிந்தேன். இடது போய்ச் சேர்ந்தது. சேர்ந்ததற்குக் கையெழுத்து வந்தால்தான் வலது என்று நீ பூட்டி வைத்துக்கொண்டாய். கையெழுத்துப் போட வேண்டியவர் குண்டு விழுந்து செத்துப்போனார், வலது காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு சேற்றில் நிற்கிறோம், அனுப்பு அண்ணா என்று சின்னவன் உனக்கு எழுதினானாம். தம்பி என்பதற்காக விதியை மாற்ற முடியாது என்று பதில் போட்டாயாமே. உன் விதியில் இடி விழ.

போன வாரம் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். புண் அழுகி வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தாகிவிட்டது. நான் உன்னைத் திட்டினால் தடுக்கிறான், "அண்ணன் கணக்கு சரிதாம்மா, ஒண்ணுகூடத் திருடு போகலையே" என்று சிரிக்கிறான்.

லீவில் வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வராதே, இந்த வீட்டில் யாரும் கதவைத் திறக்க மாட்டோம். நாசமாய்ப் போ என்று சொல்லப் பெற்ற வாய்க்கு வரவில்லை, நன்றாக இரு, வேளைக்குச் சாப்பிடு, அங்கேயே இரு. ஒன்றை மட்டும் மறக்காதே. சின்னவனோடு நின்ற பிள்ளைகள் இன்னும் சாக்கைச் சுற்றிக்கொண்டுதான் நிற்கிறார்கள். எந்தக் கையெழுத்துக்கும் காத்திராமல் இன்றைக்கே வலதை அனுப்பிவிடு. எட்டாம் நம்பரில் ஒன்று மிஞ்சும். அதை என்ன செய்வதென்று நீயே யோசி.

இப்படிக்கு,
உன் தம்பியைப் பெற்றவள்