மானின் விலாவில் ஒட்டிய அம்பு

என் பிரியமுள்ள ராபியாக்காவுக்கு,

நீங்கள் கண்மூடி ஆறு மாதமாகிறது. உங்கள் மேஜையில் கிடந்த அம்பு ஸ்டிக்கர் அட்டையிலிருந்து இன்றைக்குத்தான் முதன்முதலாக ஒன்றை உரித்தேன். அது இரண்டு தடவை என் விரலிலேயே ஒட்டிக்கொண்டது. யாரைக் கேட்டு எடுத்தாய் என்று திட்டுவீர்களா?

பனியன் பீஸில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால், தைத்ததைச் சரிபார்க்கிற உங்கள் செக்கிங்கில் அந்த இடத்தைக் காட்ட ஒட்டுகிற சின்னச் சிவப்பு அம்புதான். அதை என் கம்ப்யூட்டர் கண்ணாடியில் ஒட்டிய ஒரே ஆள் நீங்கள். பனியனில் அச்சடிக்க மூன்று நாள் உட்கார்ந்து நான் ஒரு கிளி வரைந்தேனே, நினைவிருக்கிறதா? செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏசி ரூமுக்குள் வந்தீர்கள். "மூக்கு நல்லா வந்திருக்குது கண்ணு" என்று சொல்லிக்கொண்டே இறக்கைமேல் ஓர் அம்பை ஒட்டினீர்கள்.

"இதென்ன துணியாங்க்கா? படமுங்க!" என்று சீறினேன்.

"படந்தான். பத்தடி தள்ளி நின்னு பாரு. இத்தனை பொடிக்கோடு போட்டா பிரிண்டுல மை அடைச்சுக்கும். தப்பு எங்கன்னு நான் காட்டிட்டேன், சரி பண்ற வித்தை உனக்குத்தான் தெரியும்."

அம்பைப் பிய்த்து எறிந்தேன். துணியில் அடித்து வந்தபோது கிளியின் இறக்கை பச்சைச் சேறாக இருந்தது. நீங்கள் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு படத்துக்கும் நானே செக்கிங்குக்கு ஓடி வந்து உங்களைக் கூட்டிப் போனேன்.

இப்போது இங்கத்திய சேதியைக் கேளுங்கள். நம் முதலாளியம்மா கோயமுத்தூர் போய்க் கம்ப்யூட்டரில் படம் போடக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார்கள். குழந்தைகள் பனியனுக்காக நிலாவும் மானும் வரைந்திருக்கிறார்கள். மானின் கண் அப்படியே உயிரோடு இருக்கிறது, சும்மா சொல்லவில்லை. ஆனால் நிலா இருப்பது இடப்பக்கம். மான் பளபளப்பதோ வலப்பக்கம். நிலாவைப் பார்த்த விலா கும்மிருட்டு.

மேனேஜர் முதற்கொண்டு எல்லாரும் "அருமைங்க, அருமைங்க" என்று தலையாட்டினார்கள். நாளை சாயங்காலம் சாம்பிள், ஆர்டர் கொடுக்கிற பையருக்குப் போகிறது. முதலாளி சொன்ன அளவில் பனியன் கழுத்து தொங்குகிறது என்று வாயைத் திறந்த கட்டிங் மாஸ்டர் அடுத்த வாரமே வேலையில் இல்லை. எங்கள் வீட்டில் வேலைக்குப் போகிறவள் நான் ஒருத்திதான் என்பதும் உங்களுக்குத் தெரியும். நானும் ஓர் "அருமைங்க" சொல்லிவிட்டுப் போயிருப்பேன். அப்படி ஒரு தடவை சொன்னவள்தானே அக்கா நான்?

அன்றொரு நாள் டீ டைமில் என் எதிரே உட்கார்ந்து, நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை என்றீர்கள். "மூஞ்சி எப்படி கண்ணு இருக்குது?" என்று கேட்டீர்கள். உங்கள் கண்ணில் மஞ்சள் தெரிந்தது. பார்த்தேன் அக்கா. டியூப் லைட் அப்படிக் காட்டுகிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். "நல்லாத்தானுங்க்கா இருக்கீங்க" என்றேன்.

"டியூப் லைட்டு பொய் சொல்லும்" என்று ஒவ்வொரு பீஸையும் பின்வாசல் வெயிலுக்குக் கொண்டுபோய் நிறம் பார்த்தவர் நீங்கள். உங்களை அந்த வாசல்வரை கூட்டிப் போக எனக்குத் தோன்றவில்லையே! காமாலை முற்றின பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். அன்றைக்கே நான் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பீர்களா? இதை யாரிடம் கேட்பது?

அதனால்தான் இன்று மத்தியானம் முதலாளியம்மா சாப்பிடப் போன நேரத்தில், அவர்கள் கம்ப்யூட்டரில் தெரிந்த மானின் இருட்டு விலாவில் அம்பை ஒட்டிவிட்டு நின்றேன். திரும்பி வந்தார்கள்.

"யாரு இதை ஒட்டுனது?"

"நானுங்க. மானோட கண்ணு உசுரோட இருக்குதுங்க. நெலா இந்தப் பக்கம் இருக்குது, வெளிச்சம் அந்தப் பக்கம் உழுந்திருக்குதுங்க. ஒருக்கா தள்ளி நின்னு பாருங்களேன்."

அவர்கள் படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். "காலையில முதலாளி வந்ததும் ரூமுக்கு வா" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்கள். எதற்குக் கூப்பிடுகிறார்கள்? அம்பைப் பிய்க்காமல் போனார்களே, அது நல்லதற்கா? நீங்கள் பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும்.

வேலை இருந்தாலும் போனாலும் உங்கள் அட்டை என் பையில்தான் இருக்கும். இனி யார் கண்ணில் மஞ்சள் தெரிந்தாலும் விளக்கின்மேல் பழி போட மாட்டேன். கையைப் பிடித்து வெயிலுக்கு இழுத்துக்கொண்டு போவேன். இது சத்தியம் அக்கா.

உங்களிடம் பொய் சொன்ன தங்கச்சி,
சுமதி