முதலாளி சம்சாரி ஆனார்

நடுக்காட்டுப்பட்டி
23.8.2020

அன்புத் தோழி சுதாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். பள்ளிக்கூடம் மூடியதிலிருந்து, உங்கள் தீப்பெட்டிக் கம்பெனி வேனில் வரும் உன் கடிதம்தான் எனக்குத் துணை. நேற்று நடந்ததை உள்ளபடியே எழுதப்போகிறேன். எதையும் கூட்ட மாட்டேன், மறைக்கவும் மாட்டேன். கோபப்படாமல் படி.

உன் அப்பா காரில் நாங்கள் விதைக்கும் காட்டுக்கு வந்தார். நிலம் உங்களுடையது, குத்தகைக்கு உழுது விதைப்பவர் என் அப்பா. கொரோனாவுக்காக விவசாயிகளுக்கு அரசு தரும் நிவாரணத்துக்கு உன் அப்பா மனுப் போட்டிருக்கிறாராம். தானே பயிர் செய்யும் சம்சாரி என்று காட்ட ஒரு போட்டோ வேண்டுமாம்.

"ஏலே வெயிலு, அந்தத் துண்டக் குடு" என்றார் என் அப்பாவிடம். அப்பா தலையில் கட்டியிருந்த வேர்வைத் துண்டை அவிழ்த்துக் கொடுத்தார். உன் அப்பா முகர்ந்து முகம் சுளித்து, டிரைவரை அதில் சென்ட் அடிக்கச் சொல்லிக் கட்டிக்கொண்டார். மண்வெட்டி பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததும் என் அப்பாதான்.

"இன்னும் கொஞ்சம் குனிங்க அண்ணாச்சி. ஆங், இப்பம் அசல் சம்சாரி மாதிரியே இருக்கீங்க!" என்றார் என் அப்பா.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்பாவையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

விதை வாங்க எங்களிடம் காசில்லை. அந்த நிவாரணம் உழுகிறவருக்குச் சேரவேண்டியது. அடுத்த வாரம் விசாரணைக்கு ஆபீசர் வருகிறாராம். அதற்கு முன் உன் அப்பாவிடம் நீ சொல்வாயா?

அன்புடன்,
செல்வமாரி

கோவில்பட்டி
26.8.2020

அன்புள்ள மாரி,

நீ எதையும் பெரிதாக்குகிறாய். போட்டோ பிரமாதம்! வீட்டில் வயிறு வலிக்கச் சிரித்தோம். 'விவசாயி மகள்டா' என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். நம் வகுப்பில் எல்லாரும் கெத்து என்கிறார்கள்.

அப்பாவிடம் சொன்னேன். "பட்டா யாரு பேருல இருக்கு? வெயிலுமுத்து ஆபீசர்கிட்ட எதும் உளறினாம்னா, காட்ட வேற ஆளுக்கு விட்டுருவேன்" என்கிறார். உன் நல்லதுக்குச் சொல்கிறேன், பேசாமல் இரு. வீட்டில் கேக் செய்தோம். அனுப்பியிருக்கிறேன், எப்படி இருந்தது என்று எழுது.

உன்,
சுதா

நடுக்காட்டுப்பட்டி
3.9.2020

சுதாராணிக்கு,

கேக்கைப் பிரிக்காமல் வேன் டிரைவரிடமே கொடுத்துவிட்டேன்.

நேற்று சாயங்காலம் பஞ்சாயத்து ஆபீசில் விசாரணை. "பூவனநாதன் காட்டுல பயிர் வைக்கது யாரு?" என்று உன் அப்பா பெயரைச் சொல்லி ஆபீசர் என் அப்பாவிடம் கேட்டார்.

"அண்ணாச்சிதான் சார். அவிய படாத பாடா!"

உன் அப்பா தன் வெள்ளை வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். ஆபீசர் மாஸ்க்குக்குள் சிரித்துக்கொண்டே எழுதினார். அவருக்கும் தெரியும்.

நான் எழுந்து, "பொய் சார். அங்கன பாடுபடுதது எங்க அப்பா" என்றேன்.

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"எம் மக கதைப் புத்தகமாப் படிக்கா சார். எல்லாத்தையும் கதையாவே நெனச்சிக்கிடுதா."

ஊரே சிரித்தது. உன் அப்பா என் தலையைத் தட்டி, "நல்லாப் படிட்டி, கலெக்டர் ஆயிருவ" என்றார். வீட்டுக்கு வந்ததும் சீயக்காய் போட்டுத் தலைக்கு ஊற்றிக்கொண்டேன்.

குத்தகை எங்களுக்கே இருக்கிறது. அப்பா கடனுக்கு விதை வாங்கி விதைப்பார். விளைவதை நானும் தின்பேன். அதனால் உன் அப்பாவை மட்டும் திட்ட எனக்கு வாயில்லை. ஆனால் உனக்கு இனி எழுத மாட்டேன். நீயும் எழுதாதே.

ஒன்று விட்டுப்போயிற்று. கார்கள் போன பிறகும் அப்பா மட்டும் பஞ்சாயத்து ஆபீசிலேயே நின்றார். "வாங்கப்பா, போவோம்" என்றேன்.

"நீ போத்தா. நான் பெறகு வாரேன்" என்றார், சுவரைப் பார்த்தபடி.

நான் வாசலுக்கு வந்தபோது, அவர் உள்ளே நிற்பது தெரிந்தும், கிளார்க் விளக்கை அணைத்துவிட்டார்.

வெ. செல்வமாரி